ஊதிக் காட்டு

என் மூக்குக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிராந்திக் கடையில் சேல்ஸ்மேன் நான், பெயர் பலராமன். ஒருவன் எதிரே நின்று வாயைத் திறந்தால் போதும். பிராந்தியா ரம்மா, எத்தனை மணிக்கு உள்ளே போனது, மறைக்கக் கொய்யா இலை மென்றானா பாக்கு மென்றானா, எல்லாம் சொல்லிவிடுவேன். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஐயா ஒருவர் இதில் என்னிடம் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார். நான் மட்டும் ஒரு சொட்டு தொட்டதில்லை.

மீசை முளைக்காத பையன்கள் கடைக்கு வருவார்கள். யாருக்கு என்று கேட்டால் மாமாவுக்கு என்பார்கள். நான் கேட்பதே இல்லை. நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்காரன் கொடுக்கப்போகிறான், தெருவுக்கு நாலு கடை இருக்கிற ஊர். ஆனால் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் மகன் பிரேம்குமார் நினைவுக்கு வந்துவிடுவான். அதனால் அவன் டிப்ளமா சேர்ந்த அன்றைக்கே முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் அவன் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். "ஊதுடா" என்பேன். என்னைவிட ஒரு ஜாண் உயரம், குனிந்து ஊதுவான். இழுத்துப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்பேன். அந்த "சரி, போ" வரும்வரை ஊதிக்கொண்டே நிற்பான், நகர மாட்டான். அப்படி ஒரு பிள்ளை எனக்கு.

"கடையில ஊரான் புள்ளைங்களுக்கு எடுத்துக் குடுக்கறது, ஊட்டுக்கு வந்து சொந்தப் புள்ள வாய மோந்து பாக்கறது. நல்லா இருக்குது நாயம்" என்று என் மனைவி கமலவேணி இடித்துக் காட்டுவாள். இடிக்கட்டுமே. இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவன் வாயில் வாடை வந்ததில்லை. அதைக் கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் என் மகள் பூர்ணிமா தயங்கித் தயங்கி வந்து நின்றாள். பிளஸ் ஒன் படிக்கிறவள்.

"யப்பா, அண்ணன் ஒரு மாதிரியா இருக்குதுப்பா. சோத்துல கைய வெச்சிக்கினே தூங்குது. எப்பப் பாரு உடம்பச் சொறிஞ்சிக்கினே இருக்குது. இன்னான்னு கேட்டா எரிஞ்சி உழுது."

நான் சிரித்தேன். அவனைக் கூப்பிட்டு அவள் எதிரிலேயே ஊதச் சொன்னேன். ஒன்றுமில்லை. "பாத்தியா? ராவெல்லாம் படிக்கிற புள்ள, தூக்கம் வராதா? என் மூக்குக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றேன். பிரேம்குமாரும் லேசாகச் சிரித்தான். அவன் கண்ணை நான் பார்க்கவில்லை.

2007 அக்டோபர் இரண்டு, செவ்வாய்க்கிழமை. காந்தி ஜெயந்திக்கு எங்கள் கடைக்கு லீவு, ஊரில் ஒரு கடை திறந்திருக்காது. காலையில் காப்பி குடித்துக்கொண்டே, "இன்னைக்கு ஒருநாள் பெத்தவங்க எல்லாம் நிம்மதியா இருக்கலாம்" என்று கமலவேணியிடம் சொன்னேன். சொல்லி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தோசை ஆறிப்போகிறதென்று பிரேம்குமாரை எழுப்பப் போனவள் அலறினாள்.

மல்லாந்து கிடந்தான். உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. குறட்டை போல ஒரு சத்தம் வந்தது, நின்றது, வெகுநேரம் கழித்து மறுபடி வந்தது. அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தை இப்போது சொல்லவே கூசுகிறது. குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தேன். பிறகு நிமிர்ந்து, "குடிக்கலடி" என்றேன். ஏதோ பெரிய ஆறுதல் சொல்வதைப் போல.

வலிப்பு என்று முடிவு பண்ணினேன். பீரோச் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். விரல் மடங்கவும் இல்லை, சாவியைப் பிடிக்கவும் இல்லை. அதில் போயிற்று பத்து நிமிஷம். கமலவேணிதான் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தாள். பூர்ணிமாவை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா சின்ன வயசு. அவன் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் திரும்பினார்.

"என்ன போட்டிருக்கான்?"

"ஒண்ணும் போட மாட்டான் மேடம். நான் பிராந்திக் கடையில வேல செய்யறவன். தெனமும் ஊதச் சொல்லிப் பாத்துடுவேன்."

"இதுக்கெல்லாம் வாடை வராதுங்க. கண்ணு பாப்பா ஊசி முனையாட்டம் சுருங்கியிருக்கு. மாத்திரையோ ஊசியோ எடுத்திருக்கான். முறிக்கிற மருந்து கொடுக்கிறேன், ஆனா கூட வேற என்ன சேர்த்தான்னு தெரியணும். தெரிஞ்சத சொல்லுங்க."

"எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்ல மேடம்" என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையேதான் சொன்னேன். மகன் மூச்சு விடத் திணறுகிறான், நான் அவன் நல்லவன் என்று வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது பூர்ணிமா ஓடி வந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அவள் வீட்டையே புரட்டியிருக்கிறாள். கையில் அவன் பத்தாவதில் வைத்திருந்த ஜாமெட்ரி பாக்ஸ். திறந்து டாக்டரம்மாவிடம் நீட்டினாள். உள்ளே மாத்திரை அட்டைகள், எல்லாம் காலி. இரண்டு வகை. ஒரு சிரிஞ்சும் இருந்தது. டாக்டரம்மா அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார், நர்ஸிடம் ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார்.

நான் மகளைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா?"

"எனக்கு இன்னா மாத்திரைன்னு தெரியாது. ஒரு மாதிரியா இருக்குதுன்னு தெரியும். உங்கிட்டதானப்பா வந்து சொன்னேன்? நீ ஊதச் சொன்ன."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கமலவேணி என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு பேருமாக என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

வராந்தாவில் உட்கார்ந்தேன். ஒன்று வலிக்குத் தருவது, இன்னொன்று தூக்கத்துக்கு, டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாதது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். யாரோ ஒருவன் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று வயசு கேட்காமல், சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறான். இவன் கொடுக்காவிட்டால் அடுத்தவன் கொடுப்பான் என்று நினைத்திருப்பான். அவன் குரல்வளையைக் கடித்துத் துப்ப வேண்டும் போல இருந்தது. அந்த ஆளுக்கு எத்தனை நினைத்தும் வேறு முகம் வரவில்லை, என் முகமே வந்தது.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். மூச்சு திரும்பிவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இதிலிருந்து வெளியே வர நாளாகும், அடித்தால் உதைத்தால் நடக்காது என்றார். ஒருவர் மட்டும் போய்ப் பார்க்கலாம் என்றார். கமலவேணி முதல் தடவையாக என்னைப் பார்த்து, "போய்ப் பாரு" என்றாள்.

கட்டிலில் அவன் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் ட்யூப். முழங்கைக்குள் ஊசித் தழும்புகள், பழையதும் புதியதுமாக. என் வீட்டில், என் கண்ணெதிரே, முழுக்கைச் சட்டைக்குள் இருந்தவை. பக்கத்தில் போய் முகத்துக்கு நேராகக் குனிந்து, "பிரேமு" என்றேன்.

கண் பாதி திறந்தது. என் முகம் கிட்டத்தில் தெரிந்திருக்க வேண்டும். மணி என்ன, எங்கே கிடக்கிறோம் என்றெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்காது. வெடித்துப்போன உதட்டைக் குவித்தான். ஊதினான்.

எந்த வாடையும் இல்லை. இரண்டு வருஷமாக எப்படி இல்லையோ அப்படியே.

அவன் திணறி மூச்சை இழுத்து இன்னொரு தடவை ஊதினான். "சரி, போ" என்று நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வார்த்தை என் வாயில் வருமா. மூன்றாவது தடவை உதட்டைக் குவித்தபோது அவன் வாயைக் கையால் பொத்தினேன்.

"வாடா" என்றேன். "வந்துடுடா."