மெர்ல் தொடாத கழுத்து

ட்வைலா ஹாவர்காம்ப் அயோவா மாநிலத்தின் மஸ்கட்டீன் ஊரில் இருபத்திரண்டு வருடமாகக் கைரோபிராக்டர். மருந்தும் ஊசியும் கிடையாது. முதுகையும் கழுத்தையும் கையாலேயே அழுத்திச் சரிசெய்வது அவள் தொழில். ஒரு மார்ச் மாதம், தலைவலியோடு வந்திருந்த ஏழு வயது ப்ரிஸில்லா மேஜையில் குப்புறப் படுத்தபடி கேட்டாள்.

"எல்லார் முதுகையும் நீங்க பாக்குறீங்க. உங்க முதுகை யாரு டாக்டர் பாப்பாங்க?"

"ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தார்."

"செத்துட்டாரா?"

"இல்லடி. பர்லிங்டன்ல இருக்கார்."

அந்த ஒருத்தர் மெர்ல். டேவன்போர்ட் கல்லூரியில் அவளோடு இதே தொழிலைப் படித்தவன், பதின்மூன்று வருடம் கணவனாக இருந்தவன். சனிக்கிழமை கடைசி நோயாளி போனதும் கதவைச் சாத்திவிட்டு, ஒருவர் படுக்க மற்றவர் பார்ப்பார். தன் கழுத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதே. பேச்சுவார்த்தை அறுந்த வாரங்களில்கூட அது மட்டும் நிற்கவில்லை. பிரிந்த பிறகு மெர்ல் ஊரை ஒட்டி ஓடும் ஆற்றோடு ஐம்பது மைல் கீழே, பர்லிங்டனுக்குப் போய், வேறு கல்யாணமும் செய்துகொண்டான். இந்தப் பதினோரு வருடத்தில் அவள் கழுத்தில் வேறு கை படவில்லை. உள்ளூரில் இதே தொழில் செய்பவர்கள் பார்க்கிறேன் என்று கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொன்னாள்.

குளிர்காலம் முழுக்க இடது தோளில் வலி இருந்தது. விரல் மரத்தது, காப்பிக் கோப்பை இரண்டு தடவை நழுவியது. நோயாளி யாராவது இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பாள். தனக்கென்று வந்தபோது, மெர்லுக்குப் போன் செய்து நேரம் கேட்டாள்.

"மஸ்கட்டீன்ல ஆளே இல்லையா?" என்று பர்லிங்டனில் சிரித்தபடிதான் வரவேற்றான். தலை நரைத்திருந்தது. முழங்கைக்கு மேலே சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினான். வலது கை துள்ளியது. இடது அசையவில்லை. மறுபடி தட்டினான். பிறகு சிரிக்கவில்லை.

"எத்தன நாளா?"

"விரல் மரத்து ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா? நீயெல்லாம் ஒரு டாக்டரு! நரம்பு நசுங்குதுடி, ட்வைலா. இந்தக் கழுத்த நான் தொட மாட்டேன்."

"மெதுவா, ஒரே ஒரு தடவை."

"மாட்டேன்."

அவன் சொல்வது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மேஜையிலிருந்து எழ மனம் வரவில்லை. அவன் அடுத்த அறைக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவது கேட்டது. முகம் புதைத்துக் கிடந்தவள், அழுத பிறகுதான் எழுந்தாள்.

அயோவா சிட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு கழுத்தெலும்புகளை ஒன்றாகச் சேர்த்துத் திருகாணி போட்டார்கள். இனி இந்தக் கழுத்தை யாரும் சொடுக்கக் கூடாது, ஆயுசுக்கும் என்றார் மருத்துவர். தலையசைக்க முடியாததால், சரி என்று வாயால் சொன்னாள்.

மக்காச்சோளம் அறுக்கும் காலத்துக்குள் கை தேறிவிட்டது. கிளினிக் கதவைத் திறந்து வைத்தாள், ஆட்கள் வந்தார்கள். ஒரு மத்தியானம் மெர்லைக் கூப்பிட்டாள்.

"கை சரியாயிடுச்சு."

"நல்லது. பயந்தே போயிட்டேன்."

இருவரும் போனை வைக்கவில்லை. அவன் பக்கத்தில், ஆற்றில், ஒரு சரக்குப் படகு நீளமாக ஊதியது.

"ஆத்துல மேல வருது," என்றான். "காலைல உங்க ஊரத் தாண்டும்."

மறுநாள் காலை நோயாளிகளைக் கொஞ்சம் தாமதமாக வரச் சொல்லிவிட்டு, ட்வைலா அந்தப் படகைப் பார்க்க ஆற்றங்கரைக்குப் போய் நின்றாள்.