இரண்டாவது சுழி

ஈரமுடி கொத்துக் கொத்தாக என் மடியில் விழுகிறது, தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்குகிறது, எதிரே தாய்மாமன் சங்கிலியின் மடியில் மொட்டை போட்டு முடித்த என் மகன் வீறிட்டு அழுகிறான், குலசாமி கோயிலுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அவன் தலையைச் சுற்றிக் குனிகிறார்கள், முதல் மொட்டை முடிந்ததும் சுழி எண்ணுவது எங்கள் பக்கத்து வழக்கம், ஒத்தச் சுழிதான், அப்பன மாதிரி இல்ல, எங்கக்கா பிழைச்சா என்று சங்கிலி கத்துகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், என் மனைவி செண்பகம் மட்டும் சிரிக்கவில்லை, அவள் உதட்டில் போன வாரத்துக் காயம் இன்னும் காயவில்லை.

எனக்கு இரட்டைச் சுழி, இரட்டைச் சுழிக்காரன் கை அடங்காத முரடன் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை, என் பெயர் தெரிவதற்கு முன்பே அது எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஒருவன் மண்டையில் நான் சிலேட்டை உடைத்தபோது வாத்தியார் என்னை அடிக்கவில்லை, முடியை விலக்கிப் பார்த்துவிட்டு இவனை அடித்து என்ன ஆகப்போகிறது என்று பிரம்பைக் கீழே வைத்தார், ரேஷன் கடையில் எடை போடுகிற குருசாமிக்கா இப்படியொரு பிள்ளை என்று ஊர் கேட்கும், அப்பா குரலை உயர்த்திக்கூட யாரும் கேட்டதில்லை, அப்பாமேல் தப்பில்லை, சுழி அப்படி என்று ஊரே பதிலும் சொல்லிக்கொள்ளும், மாட்டுச் சந்தையில் ஒரு காளையைப் பார்த்தேன், முதுகுச் சுழி சரியில்லை என்று ஒருவரும் கயிற்றைத் தொடவில்லை, அது பாட்டுக்கு அசைபோட்டபடி நிற்கிறது, யாரையும் முட்டவில்லை, நானாக இருந்தால் முட்டியிருப்பேன், முட்டினேன், மில்லில் மேஸ்திரியை, டீக்கடையில் ஒருவனை, கல்யாணமான வருஷமே செண்பகத்தை, அடித்த பிறகு அவள் கையைப் பிடித்து என் உச்சந்தலையில் வைத்து, தொட்டுப் பாரு, ரெண்டு இருக்கா, பிறக்கும்போதே எழுதி அனுப்பிட்டான், நான் என்ன செய்ய என்றேன், அவள் தொட்டுப் பார்த்தாள், எனக்காக அழுதாள், அதிலிருந்து ஒவ்வொரு முறையும் அவள் கோபம் பாதி வழியில் இரக்கமாக மாறிவிடும், அவரால முடியாதும்மா, பிறவி அப்படி என்று தன் அம்மாவிடம் போனில் சொல்வாள், நான் கேட்டுக்கொண்டே சோறு சாப்பிடுவேன்.

மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது அப்பனுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து மொட்டை என்று நேர்ந்துகொண்டதும் அவள்தான், என் அம்மா வேண்டாம் என்றாள், ரெட்டச் சுழிக்காரன் தலையில கத்தி படக்கூடாது என்றாள், அப்பா இறந்தபோதும் இதையே சொல்லி மொட்டையைத் தடுத்தவள் அவள், இந்தமுறை செண்பகம் விடவில்லை, கத்தி உச்சிக்கு வருகிறது, மகனை அக்காவிடம் கொடுத்துவிட்டு சங்கிலி என் பின்னால் வந்து நிற்கிறான், மச்சான், அந்த ரெண்டாவது ஆள எங்க, பாத்துக் கும்பிட்டுக்கிறேன் என்கிறான், முடி விழுந்த இடத்தைக் குனிந்து பார்க்கிறான், மச்சான், இது சுழி இல்ல மச்சான், தையல் போட்ட வடு, என்று போனில் படம் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுகிறான், விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு, இரண்டு பக்கமும் பூரான் கால்கள் மாதிரித் தையல் தடம்.

அம்மா தேங்காய்த் தட்டைக் கீழே வைத்தாள். நீ நடை பழகுற வயசு, அழுகைய நிறுத்தல, உங்கப்பாவுக்கு அப்பல்லாம் கோவம் வந்தா கண்ணு தெரியாது, தள்ளிவிட்டாரு, அம்மில போய் விழுந்த, அவரேதான் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு, முடி வளந்தப்போ அந்த இடத்துல சுத்திக்கிட்டு நின்னுச்சு, யாரோ ரெட்டச் சுழின்னாங்க, நானும் ஆமான்னுட்டேன், அதுக்கப்புறம் உன் தலையில கத்தி படவே விடல, அவரக் காட்டிக்குடுக்க மனசு வரலய்யா, அன்னைக்கு அடக்குன கைதான், சாகுற வரைக்கும் ஒரு உசுரு மேல ஓங்கல.

அப்பா கண்முன் வருகிறார், வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார், நான் அழுதாலும் அப்படித்தான், எதையாவது உடைத்தாலும் அப்படித்தான், அது அவர் சுபாவம் என்று நினைத்திருந்தேன், அப்படி உட்கார யாரும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வருவதில்லை, ஒவ்வொரு நாளும் அவர் அதைச் செய்திருக்கிறார்.

ஆனால் என் வாய் அதற்குள் தயாராகிவிட்டது, பாத்தியா செண்பகம், சின்னப் புள்ளையிலயே என்ன இப்படிப் பண்ணிட்டாரு, அதான் நான் என்று ஆரம்பிக்கிறேன், சுழி போனால் வடு, எனக்கு ஏதாவது ஒன்று வேண்டும், அவள் கண்ணில் அந்த இரக்கம் வருகிறதா என்று பார்க்கிறேன். அப்ப முடியும் என்றாள் அவள். என்ன முடியும்? கைய ஓங்காம இருக்க முடியும், மாமாவால முடிஞ்சிருக்குல்ல, உங்களால முடியாதுன்னு நெனச்சுத்தான் இத்தன நாளும் அடி வாங்குனேன். மொட்டைக்குப் பூசக் கரைத்திருந்த சந்தனக் கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு, மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, சங்கிலி, வண்டிய எடுடா, நம்ம வீட்டுக்குப் போவோம் என்றாள்.

என் வலது கை மேலே எழுந்துவிட்டது, தடுக்கவா அடிக்கவா, சத்தியமாக எனக்குத் தெரியாது, எல்லோரும் அந்தக் கையைப் பார்க்கிறார்கள், செண்பகமும் பார்க்கிறாள், பயப்படவில்லை, என்ன செய்யப்போகிறேன் என்று காத்திருக்கிறாள், அப்புறம் திரும்பி நடக்கிறாள், வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கிறது, மொட்டையடிப்பவர் என் தலையைப் பாதியில் விட்டுக் கத்தியைப் பிடித்து நிற்கிறார், கை இன்னும் இறங்கவில்லை, இடது கையால் அதைப் பிடித்துக் கீழே இழுத்து, மடியில் கிடக்கும் ஈரமுடிக்குள் அழுத்தி வைத்துக்கொள்கிறேன், அது துள்ளுகிறது, நான் விடவில்லை.