படிக்கட்டுப் பக்கத்து ஜிப்சம் பட்டைகள்

உடைத்தவனுக்குச் சுத்தியலைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை. அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஐயோ, இங்கே குடியிருக்கும் வஜீதா அக்கா என்ன ஆவார் என்று தோன்றவில்லை. யார் செய்திருப்பார்கள் என்றுகூடத் தோன்றவில்லை. நான் அவ்வளவு பதமாகப் பூசிய பட்டையை இத்தனை அசிங்கமாக உடைத்திருக்கிறார்களே என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பிறகு வெட்கப்பட்டேன்.

மூன்றாம் மாடிப் படித் திருப்பத்தில், சுவர் விரிசலின் குறுக்கே உள்ளங்கை நீளத்துக்கு நான் வைத்த ஜிப்சம் பட்டை அது. ஈரமாக இருக்கும்போதே ஆணியால் தேதியைக் கீறியிருந்தேன். விரிசல் வளர்ந்தால் பட்டையும் அதே கோட்டில், தலைமுடி அளவுக்குப் பிளக்கும். வளராவிட்டால் அப்படியே இருக்கும். இதுவோ நடுவில் குழிந்து, ஓரமெல்லாம் பொடிந்து கிடந்தது. படியில் மாவு கொட்டியதுபோல் வெள்ளைத் தூள். மேலே இருந்த இரண்டும் அதே கதிதான்.

எங்கள் ஊரின் முஹர்ரம் பே பகுதியில் இருந்த அந்தக் கட்டடம் விழப்போகிறது என்று வீட்டுக்காரர் நகராட்சிக்கு மனுக் கொடுத்திருந்தார். நகராட்சியின் கட்டடக் கமிட்டியும் ஆமாம் என்று எழுதிவிட்டால் குடியிருப்பவர்கள் வெளியேற வேண்டும். மற்றவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். வஜீதா அக்கா மட்டும் பாக்கி. கட்டடத்தைச் சோதித்துக் கமிட்டிக்கு அறிக்கை தரும் எஞ்சினியர் ரகாயி, என் அம்மாவின் தம்பி.

நுண்கலைக் கல்லூரியில் கட்டடக்கலைக்கான திறன் தேர்வுக்கு எனக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அதுவரை என் அலுவலகத்தில் வந்து உட்கார் என்று கூப்பிட்டவர் ரகாயி மாமாதான். என்னை வணிகவியலில் தள்ளத் துடித்த அப்பாவிடம், "இந்தப் பொண்ணுக்குக் கண்ணு இருக்கு, கெடுக்காதீங்க" என்று வாரந்தோறும் வாதாடியவரும் அவர்தான். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

வஜீதா அக்காவின் கதவைத் தட்டினேன். முடி அலங்காரம் அவருக்குத் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. உள்ளே ஒரு மணப்பெண் தலை நிறைய உருளைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க எஞ்சினியரம்மா! என்ன, இன்னைக்கு விழுதா வீடு? விழுதுன்னா சொல்லு, இவளுக்குச் சுருளைப் பிரிச்சு அனுப்பிடறேன்."

"ஐயோ அக்கா, நாளைக்குக் கல்யாணம் எனக்கு! வாயைக் கழுவுங்க."

"பயப்படாதேடி. முப்பத்தோரு வருஷமா விழுந்துக்கிட்டேதான் இருக்கு." அக்கா சீப்பாலேயே என்னைச் சுட்டினார். "கட்டடத்தை விடு நெவீன், உன் முடியைப் பாரு. அதுக்குத்தான் முதல்ல இடிப்பு உத்தரவு போடணும்."

சிரித்தேன். நான் எதைப் பார்க்க வந்தேன் என்பதைச் சொல்லவில்லை. படியில் விரிசல் விட்ட அதே சுவர்தான் இந்த அறையின் இடப் பக்கச் சுவரும். அதே விரிசல் இந்தப் பக்கமும் ஓடுகிறது. அதன்மேல் மூன்று பட்டைகள், அதே நாளில் அதே கலவையில் நான் வைத்தவை. மூன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை. விரல் நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தேன். வழவழவென்றிருந்தன.

"உன் பட்டைக்காக என் பெரிய கண்ணாடியையே இடம் மாத்தியிருக்கேன்" என்றார் அக்கா. "அதெல்லாம் சரி, நேத்து மத்தியானம் படியில டம்டம்னு ஒரே சத்தம். என்னடான்னு கேட்டா, குழாய் ரிப்பேர்ங்கறான் வாட்ச்மேன் ஸிர்ரி. படியில ஏதுடி குழாய்?"

சுவரைத் தட்டினேன். காலி டப்பாவைத் தட்டியதுபோல் சத்தம். அரைச் செங்கல் கனம். எங்கள் பயிற்சி வகுப்பில் தந்த நகல் புத்தகத்தில் ஆறாம் பக்கத்தில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கும். சுமை தாங்கும் சுவர்: மேலுள்ள எடையை அஸ்திவாரத்துக்குக் கொண்டுசேர்ப்பது. தடுப்புச் சுவர்: இடத்தைப் பிரிப்பது மட்டும். தொலைபேசி எண்ணைப் போல அவற்றை மனப்பாடம் செய்திருந்தேன். வளைவு, கூரைமாடம், தாங்குகல், தூண்தலை என்று இருநூறு சொற்கள். தேர்வில் ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண். அந்தச் சுவரில் கை வைத்தபோதுதான் அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒருத்தி குடியிருக்கிறாள் என்பது உறைத்தது. இந்தச் சுவரை முழுக்க எடுத்துப் போட்டாலும் கட்டடம் நிற்கும்.

அலுவலகத்தில் மாமா மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு துண்டை நீட்டினார்.

"என்னம்மா, மூணும் போச்சா?"

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. பழத்துண்டு கையில் வழுக்கியது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கொஞ்சமாவது தடுமாறியிருக்கலாமே.

"உள் பக்கம் மூணும் அப்படியே இருக்கு மாமா."

"உள் பக்கத்தை இப்ப யாரு கேட்டா?"

"ஒரே சுவர். ஒரு பக்கம் மட்டும் எப்படிப் பிளக்கும்? பிளக்கவும் இல்ல, யாரோ அடிச்சிருக்காங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். பட்டைகள் வைத்த நாள் முதல் அதில் என் கையெழுத்துதான். "பாத்தது ஒருத்தர், அறிக்கை எழுதினது இன்னொருத்தர்னு இருந்தாத்தான் கமிட்டி நம்பும். எழுது. படிப் பக்கம் மூணு பட்டையும் பிளந்தது. சுமை தாங்கும் சுவர். விரிசல் வளருது. கீழே உன் பேரு. அவ்வளவுதான்."

"அது தடுப்புச் சுவர் மாமா. பன்னிரண்டு சென்டிமீட்டர்."

"அடேங்கப்பா!" மாமா சிரித்தார். "நாப்பது பக்க நகல் புத்தகம் படிச்சிட்டு எனக்கே பாடம் நடத்தறியா? இங்க பாரு, அவளை நடுத்தெருவுல விடல. ஊருக்கு வெளியே அகமியில வீட்டுக்காரரே வீடு பாத்துத் தராரு."

"அவங்க வாடிக்கைக்காரங்க அகமிக்கா வருவாங்க?"

"சரி, நாளைக்கு அது நிஜமாவே விழுந்தா? இந்த ஊருல விழாத கட்டடமா? அப்ப உன் மனசு தாங்குமா?"

விழுகின்றன, உண்மைதான். கடல் உப்பு கம்பியைத் தின்கிறது, அனுமதியில்லாமல் மேலே மாடி ஏற்றுகிறார்கள். பட்டை வைத்துச் சோதிப்பதே அதற்காகத்தானே? கட்டடம் அசைந்தால் முதலில் சொல்லும் ஒரே பொருளைச் சுத்தியலால் அடித்துவிட்டு, விழுந்தால் என்ன செய்வாய் என்று என்னையே கேட்கிறாரே. நாளை அந்தச் சுவர் உண்மையாகவே நகர்ந்தால் வஜீதா அக்கா எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்? கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியிருந்தால் சின்னப்பெண் என்று சிரித்து முடித்திருப்பார். கத்தவில்லை.

அவருடைய பிரியம் பொய்யில்லை என்பதும் எனக்குத் தெரியும். என்னைப் பற்றி அப்பாவிடம் பேசியபோது அவர் குரல் கம்மியதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலையும் இந்தக் குரலையும் ஒரே ஆள் வைத்திருக்க முடியும் என்பதுதான் எனக்குப் புதிது.

"உங்கப்பா கிட்ட இன்னும் ஒரு தடவை உக்காந்து பேசினா போதும், இறங்கி வந்துடுவாரு" என்றார், என்னைப் பார்க்காமல். "இல்லேன்னா எனக்கும் ஆயிரம் வேலை இருக்கு. நீயே யோசி."

யோசித்தேன். வணிகவியல் கல்லூரியின் நீண்ட வகுப்பறை கண்முன் வந்தது. அதில் கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது.

மாமா பேனாவைத் திறந்து, பதிவேட்டின் மேல் என் பக்கமாக வைத்தார். நான் அதை எடுத்தேன். அவர் முகம் தளர்ந்தது. எட்டி இன்னொரு மாம்பழத்தை எடுத்துக்கொண்டார்.

அன்றைய தேதியை எழுதினேன். உள் பக்கம் மூன்று பட்டைகளும் முழுதாக உள்ளன என்று எழுதினேன். படிப் பக்கத்தில் மூன்றும் அடித்து உடைக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதினேன். சுவர் அரைச் செங்கல் தடுப்புச் சுவர். கீழே என் முழுப் பெயர். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

படித்துப் பார்த்தார். அந்தப் பக்கத்தை மெதுவாகக் கிழித்தார். அடுத்த வெற்றுப் பக்கத்தை என் முன்னால் தள்ளினார்.

"இப்ப நான் சொன்ன மாதிரி எழுது."

பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன்.

"மாட்டேன் மாமா" என்றேன்.