அக்கா தொட்டியில் பெட்டை மீன்

ஒரே வண்டியில் வந்த மீன்குஞ்சுகள்தான், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. அக்காளும் தங்கையும் எதிரெதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நாலு மாதம் போனதும் பார்த்தால், சின்னவள் குளத்துத் திலாப்பியா உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது. பெரியவள் தொட்டியில் உள்ளதோ விரல் நீளத்தைத் தாண்டவில்லை. வயிறு எரியுமா எரியாதா?

திலாப்பியா வளர்க்கிறவர்கள் ஆண் மீனாகப் பொறுக்கித்தான் விடுவார்கள். பெட்டை கலந்தால் போச்சு. போடுகிற தீனியெல்லாம் சதையாகாமல் முட்டையாகவும் குஞ்சாகவும் போய்விடும். அதிலும் இடம் குறுகலாக இருந்தால் இந்த மீனுக்கு என்னதான் அவசரமோ! விசாலமான குளத்தில் ஒரு சாண் வளர்ந்த பிறகு முட்டையிடுவது, சிமெண்டுத் தொட்டியில் விரல் நீளத்திலேயே தாயாகிவிடும். முட்டையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, குஞ்சுகள் தானாக நீந்தும்வரை பட்டினி கிடக்கும்.

குஞ்சுகளைப் பிரித்த அன்றைக்கு ஆண், பெண் பார்த்தது சின்னவள்தான். மீனைப் புரட்டி அடிவயிற்றை ஒரு நொடி பார்த்தால் சொல்லிவிடுவாள். பெரியவளுக்கு அந்தக் கண் கிடையாது. தங்கை "இது ஆண்க்கா" என்று நீட்டியதை வாங்கி வாளியில் போட்டதோடு சரி.

'எனக்குன்னு பாத்து பெட்டையாப் பொறுக்கித் தந்திருக்கா' என்ற எண்ணம் ஒருநாள் காலையில், சலவைக்கடையில் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் முதலில் வந்தது. 'சேச்சே, அவளா?' என்று தள்ளினாள். புருஷனும் போய், பிள்ளையும் இல்லாத பெரியவளுக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்றிருப்பது அந்த ஒருத்திதான். ஞாயிறு தவறாமல் அவள் வீட்டில்தான் சாப்பாடு. தள்ளிய எண்ணம் மத்தியானம் திரும்பி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

எதிர்வீட்டுத் தையல்காரிக்கு ஊசியைவிட நாக்கு கூர்மை. அவள் சும்மா இருப்பாளா?

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நீங்க வேலைக்குப் போனதும் உங்க தங்கச்சி வாரத்துக்கு ரெண்டு தடவை வந்துட்டுப் போறா. வரும்போது வாளி காலி. போகும்போது கை சாய்ஞ்சு போகுது."

"மேல துணி போட்டு மூடியிருந்தாளா?"

"ஆமா, ஈரத்துணி. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்! சந்தேகப்பட ஆரம்பித்தவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டா?

அடுத்த செவ்வாய்க்கிழமை தலைவலி என்று கடையில் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, குளியலறை ஜன்னல் வழியே காத்திருந்தாள். பதினோரு மணிக்குச் சின்னவள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். கைவலையைப் போட்டு அள்ளினாள். ஒவ்வொரு மீனாகப் புரட்டிப் பார்த்து, சிலதை வாளியில் போட்டாள், மற்றதைத் தொட்டியிலேயே விட்டாள். முக்கால் மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை.

'ஆணையெல்லாம் பொறுக்கிட்டுப் போறா. பெட்டையை எனக்கு விட்டுட்டுப் போறா, பாவி!'

கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவாள், நாமும் நம்பித் தொலைப்போம் என்ற பயம். மழுப்ப முடியாதபடி ஒன்று செய்ய வேண்டும் என்று பல்லைக் கடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டியில் கைவிட்டு, தொண்டை உப்பியிருந்த மீன்களாகத் தேடி நாலைப் பிடித்தாள். அடிவயிறு பார்க்கத் தெரியாவிட்டால் என்ன? வாய் நிறையக் குஞ்சை வைத்திருப்பது பெட்டைதானே! மூடி போட்ட தூக்கில் தண்ணீரோடு எடுத்துப் போனாள். தங்கை வீட்டில் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோக்கா, இளைச்சுப் போயிட்டே" என்று சின்னவள் பரிமாறினாள். 'ஏன் இளைக்க மாட்டேன்' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே விழுங்கினாள். தங்கை பாத்திரம் கழுவப் போன நேரத்தில் தூக்கைக் குளத்தில் கவிழ்த்தாள். நாலும் வாலை ஆட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போயின. அப்போது நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை. பெரியவள் தொட்டி மீன்கள் திடீரென்று தேறத் தொடங்கின. விரல் நீளம் போய் அரைச்சாண் வந்துவிட்டது. தீனியை மாற்றினோமே, அதனால்தான் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

ஒன்றரை மாதம் கழித்துச் சின்னவள் ஆள் அனுப்பினாள். போனால், குளத்துக் கரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கரையோரத் தண்ணீர் முழுக்கக் குண்டூசித் தலைகளாய்க் குஞ்சுகள்.

"எல்லாம் போச்சுக்கா. எங்கயோ பெட்டை கலந்திருக்கு. நான்தான் சரியாப் பாக்கல. என் கண்ணுல கொள்ளிக்கட்டையை வைக்க!"

பெரியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் சின்னவளே தொடர்ந்தாள்.

"உனக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. உன் தொட்டியில போன தடவை வளர்த்த பழைய மீனைப் பிடிச்சப்போ தண்ணியை இறைச்சியே தவிர, காய விடல. வடிகால் மூலையில ஒரு கை தண்ணி நின்னுருக்கும். அதுல பழைய பெட்டை ஒண்ணு ரெண்டு தங்கி, குஞ்சா நிரப்பிடுச்சு. ரெண்டு மாசம் முன்னாடிதான் பாத்தேன். உன்கிட்ட சொன்னா ஏத்துக்க மாட்டே. முன்னே ஒருதடவை தீனி அதிகம்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கே ஆறு மாசம் பேசாம இருந்தவ நீ. அதான் நீ இல்லாதப்போ வந்து பெட்டையாப் பொறுக்கி எடுத்துட்டுப் போய் வாத்துக்குப் போட்டேன். இப்போ தேறிடுச்சுல்ல? ஊர்த் தொட்டியைச் சுத்தம் பண்ணப் போயி என் குளத்தைக் கோட்டை விட்டுட்டேன் பாரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

பெரியவள் கரையோரக் குஞ்சுகளைப் பார்த்தாள். சும்மா இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நாலு மீன் வந்து சாட்சி சொல்லவா போகிறது? ஆனால் இவள் ஆயுசுக்கும் தன் கண்ணையே நம்பாமல் கிடப்பாளே, கடவுளே!

"உன் கண்ணு மேல தப்பில்லடி. நான்தான் கொண்டாந்து போட்டேன்."

"என்னத்தை?"

"பெட்டையை. நாலு. நீ என் ஆண் மீனைத் திருடுறேன்னு நினைச்சு…"

சின்னவள் குளத்தைப் பார்க்கவில்லை. குஞ்சுகளைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"எப்போ போட்டே?"

"ஒரு ஞாயித்துக்கிழமை."

"சாப்பிடறதுக்கு முன்னாடியா, சாப்பிட்டப்புறமா?"

பெரியவள் குனிந்துகொண்டு, "சாப்பிட்டப்புறம்" என்றாள்.