கூரை நடுவில் கோடு இல்லை

கருப்பு வண்டி வாங்குபவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளை வாங்கித் தொலைக்கலாம், சாம்பல் நிறம் வாங்கலாம். தூசி தெரியாது, கீறல் தெரியாது, நிம்மதியாக ஓட்டலாம். இவர்களுக்குக் கருப்புதான் வேண்டும். ஷோரூம் விளக்கில் மின்னுவதைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, கொஞ்ச நாளில் என் முன்னால் வந்து நிற்பார்கள். "ஏனுங்க, வெயில்ல நிறுத்துனா பூராவும் சிலந்திக்கூடாட்டம் வட்ட வட்டமாக் கோடு தெரியுதுங்க." தெரியாமல் என்ன செய்யும்?

அப்படி முகத்தைத் தொங்கப்போட்டு வருகிறவர்களால்தான் என் அடுப்பு எரிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துடியலூரில் பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே 'சஃபியா கார் பாலிஷ்' என்று ஒரு போர்டு இருக்கிறதே, அந்தச் சஃபியா நான்தான். தம்பி ரியாஸ் வண்டியைக் கழுவுவான். பாலிஷ் மெஷின் பிடிப்பது நான். பொம்பளை பெயரைப் போட்டால் ஒரு வண்டியும் வராது என்று கோட்டைமேட்டில் என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். அதற்காகவே எழுத்தைப் பெரிதாக எழுதச் சொன்னேன்.

கடை ஆரம்பித்த புதிதில் வந்தவர் சண்முகப்பிரியா. கணபதியில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை நடத்துகிறார். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் கார், கன்னங்கரேலென்று கருப்பு. அதைப் பார்த்துப் பார்த்து பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். வண்டிப் பக்கத்தில் நின்று தலை சீவிக்கொள்ளலாம், அப்படி வந்திருந்தது. அவருடைய பேச்சைக் கேட்டு அவர் சொந்தக்காரர்கள் வரிசையாக வண்டிகளைக் கொண்டு வந்தார்கள். என் கடை நிமிர்ந்ததே அப்படித்தான்.

அதே சண்முகப்பிரியா ஒரு நாள் மத்தியான வெயிலில் வந்து, கடை முன்னால் சடக்கென்று பிரேக் போட்டு இறங்கினார்.

"சஃபியா, வெளிய வந்து இதப் பாருங்க."

பார்த்தேன். பானெட், கதவு, பின்பக்கம் எல்லா இடத்திலும் மெல்லிய வட்டக் கோடுகள். நான் செய்த வேலை அத்தனையும் பாழ்.

"யாரு வெறும் துணியில தொடச்சது?"

"ஒருத்தரும் தொடலீங்க. கழுவறதுகூட உங்ககிட்டத்தானே கொண்டாறேன். உங்க துணியில மண்ணு இருந்திருக்கும், இல்லீன்னா உங்க மெஷினு சரியில்ல."

"என்ற மெஷினச் சொல்லாதீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்குது."

ரியாஸ் பின்னாலிருந்து என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசக் கூடாது என்று அவன் எனக்குத் தினமும் பாடம் நடத்துவான். அவரும் சளைத்தவர் இல்லை.

"இங்க பாருங்க. வர்ற ஞாயித்துக்கெழமை கோபியில எங்க பெரியப்பா ஊட்டுல கல்யாணம். எங்க சனம் பூரா வரும். சனிக்கெழமை மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. மறுபடியும் இப்படி ஆச்சுன்னா, யாருகிட்ட பாலிஷ் போட்டேன்னு கேக்கற அத்தனை பேருகிட்டயும் உங்க பேரச் சொல்லிப்போடுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் வாடிக்கையில் பாதி அந்தச் சனம்தான். கோபி மண்டபத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னால், பந்தி முடிவதற்குள் என் பெயர் நாறிவிடும். போர்டில் அத்தனை பெரிதாக எழுதிய பெயர்.

டார்ச் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கூரையின் ஓரமெல்லாம் கோடு. நடுவில் ஒரு கோடுகூட இல்லை. நான் விட்ட மாதிரியே பளபளவென்று இருந்தது. மெஷின் கோளாறாக இருந்தால் நடுவிலும் அல்லவா இருக்க வேண்டும்? கை எட்டுகிற இடத்தில் மட்டும் கோடு இருந்தால், அது கையால் போட்ட கோடு. போதாததற்கு வைப்பரின் இடுக்கில் ரோஸ் கலரில் ஒரு துண்டு நூல் மாட்டிக்கொண்டிருந்தது.

"உங்க ஊட்டுல யாருங்க இருக்கறாங்க?"

"நானும் எங்கப்பாவும் மட்டுந்தான். அவரு தொட மாட்டாருங்க. இந்த வண்டியத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு." குரல் கொஞ்சம் இறங்கியது. "கருப்பு ஊட்டுக்கு ஆவாது, நல்லது கெட்டதுக்கு எடுத்துட்டுப் போக முடியாதுன்னு சொன்னாரு. நான் கேக்கல. இந்த வண்டியில என்ற காலு படாதுன்னு சொல்லிப்போட்டாரு. இன்னிக்கு வரைக்கும் ஏறல. கோபிக்குக்கூட பஸ்ஸுலதான் வர்றாராம்."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். எனக்குக் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப் பாதியை அந்த ரோஸ் துணியால் தேய்த்தவனுக்காக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலைத் தொழுகையை முடித்த கையோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெள்ளக்கிணற்றில் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியில் நின்று எட்டிப் பார்த்தேன்.

வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், வாயைக் குவித்து பானெட்டின் மேல் 'ஹா' என்று ஊதினார். தோளில் கிடந்த துணியை எடுத்து வட்டமாகத் தேய்த்தார். குனிந்து முகம் பார்த்தார். மறுபடியும் 'ஹா'. துணி, நம் பக்கத்தில் பட்டறைக்குப் பட்டறை துடைக்கக் கிடக்குமே, பனியன் தைத்தது போக மிஞ்சும் வெட்டுத் துணி, திருப்பூர் பனியன் வேஸ்ட், அதுதான். ரோஸ் கலர்.

"கையை எடுங்கய்யா!" என்று ஒரு கத்து கத்தினேன். மனிதர் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார்.

"மெல்லப் பேசுங்க அம்மணி! புள்ள எந்திரிச்சுக்கும். யாருங்க நீங்க?"

"நீங்க கோடு போடற வண்டிக்குப் பாலிஷ் போடற சஃபியா."

"கோடா? நானுங்களா? இது சுத்தக் காட்டன் துணியுங்க, பூவாட்டம் இருக்கும். திருப்பூர்ல ஆயுசுக்கும் கட்டிங் மாஸ்டரா இருந்தவன், துணி எனக்குத் தெரியாதுங்களா?"

"துணி பூதானுங்க. வண்டி மேல படிஞ்சிருக்கறது மண்ணாச்சே! தண்ணி ஊத்தாமத் தேச்சா மண்ண வச்சுத் தேச்ச மாதிரித்தான்."

டார்ச்சை அடித்துக் காட்டினேன். சுப்பண்ணன், அதுதான் அவர் பெயர், குனிந்து பார்த்தார். முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"அட, பிள்ளையார் புடிக்கக் கொரங்காப் போச்சே! கருப்பு வண்டி, துளி தூசி இருந்தாலும் ஊருக்கே தெரியுமுங்க. என்ற புள்ள வண்டி அழுக்காப் போலாமுங்களா? அதுக்குத்தான் தெனமும் அது எந்திரிக்கறதுக்கு முன்னால..."

"பாலிஷ்ங்கறது சும்மா பூசற எண்ணெ இல்லீங்க. பெயிண்டுக்கு மேல கண்ணாடியாட்டம் ஒரு பூச்சு இருக்குது. ஒவ்வொரு தடவையும் அதுல கொஞ்சம் சீவித்தான் கோட்ட எடுக்கறேன். நீங்க போட்டுட்டே இருந்தா, நான் சீவிட்டே இருந்தா, கடைசில வண்டி மொட்டையாத்தான் நிக்கும். உங்க புள்ளகிட்ட இன்னிக்கே சொல்லிப்போடறேன்."

"ஐயோ, வேண்டாமுங்க! காலே படாதுன்னு சொல்லிப்போட்டு, இப்பத் தொடைக்கறேன்னு தெரிஞ்சா என்ற மானம் போயிருமுங்க. சொல்லிப்போடாதீங்க அம்மணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"உங்க மானம் இருக்கட்டும். என்ற பேரு?"

அவர் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார். கோபம் வந்தால் என் வாய் நிற்காது. அன்று நின்றது. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. 'ஹா' என்று ஊதிவிட்டு அவர் முகம் பார்த்த விதம் கண்ணிலேயே நின்றது. இனி வண்டியைத் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. ரியாஸ் முதலில் தண்ணீர் அடித்து மண்ணை ஓடவிட்டான், நுரை போட்டான், பஞ்சு போன்ற கையுறையால் மேலிருந்து கீழாகக் கழுவினான். நான் மிருதுவான பேட் மாட்டி, பூச்சு நோகாமல் பாலிஷ் பிடித்தேன். கோடு எல்லாம் போய், கருப்பு மறுபடியும் கருப்பானது. நாக்குதான் அரித்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரிச் சடங்குக்கு நேரே கோபி போவதற்காகச் சண்முகப்பிரியா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஒரு குறை சொல்ல முடியவில்லை. ஆனாலும் விடுவாரா?

"இப்பப் பாருங்க, எத்தனை நல்லா வந்திருக்குது. அப்ப மொதல்ல நீங்க செஞ்சது சரியில்லதானே? ஒத்துக்கிட்டா என்ன?"

நான் பேசாமல் சாவியை நீட்டினேன்.

"அக்கா, உடம்பு கிடம்பு முடியலையா?" என்று ரியாஸ் நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டான்.

"தப்ப ஒத்துக்காத ஆளுககிட்ட நான் எப்படிங்க எங்க சனத்த அனுப்பறது? இன்னிக்கு மண்டபத்துல கேட்டா நடந்தத நடந்தபடி சொல்லத்தான் போறேன்." அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப்பில் மஞ்சப்பையோடு நின்ற ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். சுப்பண்ணன். அவருடைய பஸ் வந்தது, நின்றது, போனது. போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். அப்புறம் இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டைத் தாண்டி விறுவிறுவென்று வந்தார். ஒரு வேன்காரன் வைத வசவைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கண்ணு, அந்த அம்மணிய ஒண்ணும் சொல்லாத. அவங்க கையில தப்பு இல்ல." மஞ்சப்பைக்குள் கையை விட்டு ரோஸ் கலர் பனியன் வேஸ்ட்டை எடுத்தார். "கோடு போட்டது நான். விடியறப்ப வெறுந்துணியில தொடச்சுத் தொடச்சு நாந்தான் கெடுத்துப்போட்டேன். அவங்களுக்கு அன்னிக்கே தெரியும். நான் கேட்டுக்கிட்டதுக்காக வாயத் தொறக்காம நிக்கறாங்க."

சண்முகப்பிரியா அப்பாவைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்களாப்பா? ஏறவே மாட்டேன்னு சொன்னீங்களே, அந்த வண்டியவா தெனமும் தொடச்சீங்க?"

"ஏற மாட்டேன்னுதானே சொன்னேன்? தொடைக்க மாட்டேன்னு எப்பச் சொன்னேன்?" என்றார் பெரியவர், வீறாப்பு குறையாமல்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ரியாஸ் திரும்பி நின்றுகொண்டு குலுங்கினான். சண்முகப்பிரியாவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார், பாதியில் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "மன்னிச்சுக்குங்க சஃபியா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "மண்டபத்துல இதையும் நடந்தபடி சொல்லுங்க" என்றேன். விடுவேனா?

பிறகு அவர் போய் முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் தயங்கினார். அடுத்த பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்க்காமல் என்னைக் கேட்டார்.

"ஏறலாமுங்களா?"

"செருப்ப நல்லா உதறிட்டு ஏறுங்க" என்றேன்.

உதறினார். குனிந்து, தலை இடிக்காமல் ஏறி, மஞ்சப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். சண்முகப்பிரியா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தவர், கண்ணீரில் மை கலைந்து வழிவதைப் பார்த்துவிட்டு, துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். பெரியவர் அந்தப் பனியன் வேஸ்ட்டை மெதுவாக நீட்டினார்.

"இதுல தொடச்சுக்க கண்ணு. மூஞ்சிக்குக் கோடு விழுகாது."