ஒரு றாத்தல் பாண்

எனக்கு வாய் நீளம் என்று ஆபீசில் பேர். ஊட்டி மார்க்கெட் பக்கம், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து அமெரிக்காக்காரர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறோம். இந்த வாரம் கான்சஸ் மாநிலம். நூற்றைந்து மாவட்டங்கள், மெக்சிகோ பக்கமிருந்து வந்த ஸ்பானிஷ் பேசும் ஜனங்கள் எங்கே எத்தனை சதவீதம் என்று வண்ணம் தீட்ட வேண்டும். ஆள் கூடக்கூட நிறம் அடர்த்தி.

ஊர் உலகமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று வண்ணம் பூசுகிற நான், என் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்ததை மட்டும் மூடி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் 'சிலோன்காரி' பட்டம் வாங்கியது போதாதா? ஆபீசில் நான் கோயமுத்தூர்ப் பொண்ணு.

இன்று காலை கண் ஆஸ்பத்திரிக்கு அம்மா தேவாலாவிலிருந்து வந்திருந்தாள். பேக்கரியில் நானும் பக்கத்து சீட் சசிரேகாவும் டீ குடித்துக்கொண்டிருந்தது தெரியாமல், "தம்பி, ஒரு றாத்தல் பாண் தாங்க" என்றாள். அவளுக்கு ரொட்டி இன்னமும் பாண்தான், பவுண்டு இன்னமும் றாத்தல்தான்.

"பானுங்களா? பீடாக் கடை எதுத்தாப்புலீங்கம்மா!" கடைக்காரர் சிரித்தார். சசிரேகாவும் சிரித்தாள். அம்மா திரும்பினாள், என்னைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"யாரு புள்ள அது?" என்றாள் சசிரேகா.

"எங்கூட்டுல முன்னாடி வேலை செஞ்சவங்க."

சொல்லிவிட்டேன். த்தூ, என் வாயில் புழு விழ.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆமாங்க. தங்கமான குடும்பம்" என்று சசிரேகாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மத்தியானம் ஒரு மாவட்டம் மட்டும் கன்னங்கரேலென்று நின்றது. நூற்றுக்கு அறுபதுக்கு மேல் அந்த ஜனங்கள். தப்போ என்று அந்த ஊர்த் தெருப் படங்களைத் திறந்தோம். மாட்டிறைச்சி ஃபேக்டரி ஒன்று, வேலைக்கு வந்தவர்களின் வீடுகள், ஒரு கடை. கடை நெற்றியில் ஆளுயர எழுத்தில் PAN.

"அட, அங்கயும் பான் கார்டு போட்டுத் தர்றாங்களா?" என்றாள் சசிரேகா.

"பான் கார்டு இல்லடி, பாண். ரொட்டி."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நெட்டுல பாத்தேன்." சீ, ஒரே நாளில் ரெண்டாவது தடவை. ஸ்பானிஷிலும் ரொட்டிக்கு எங்கள் வீட்டுச் சொல்லேதான். அங்கே அவர்கள் கூரை மேல் ஏற்றி வைத்த சொல்லை நான் வாய்க்குள் போட்டு விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அவள் பக்கம் திரும்பினேன்.

"பொய்டி. காலைல பாண் கேட்டாங்கல்ல, அது எங்கம்மா."

சசிரேகா மவுசை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். அவள் எதிரிலேயே போன் போட்டேன். பஸ் இரைச்சல் கேட்டது.

"சொல்லுங்கம்மா" என்றாள் அம்மா. பெற்றவள், என்னிடம், வேலைக்காரி மாதிரி.

"அம்மா, நாந்தான். பாண் வாங்கினியா?"

குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்துல ஆள் இரிக்கா?"

"இருக்காங்க. கேக்கட்டும்."

"வாங்கல பாப்பா. பாண்ணு கேட்டா ஒனக்கு வெக்கம். வேற பேரு எனக்கு நாக்குல வரல."