ரிஃபத் பேசியது

முந்தின நாள் சாயங்காலம் உக்கடம் பக்கம் ஒரு துணிக்கடை ஷட்டர் மேல் யாரோ பெட்ரோல் பாட்டிலை வீசிவிட்டு ஓடியிருந்தார்கள். ஷட்டர் கருகியதோடு சரி, யாருக்கும் காயமில்லை. ஆனால் விடிவதற்குள் ஊர் முழுக்க ஒரு பெண்ணின் குரல் வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"இன்னிக்கு யாரும் புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க. ஆளுங்க வராங்களாம். கதவச் சாத்திட்டு உள்ளயே இருங்க."

முஸ்லிம்கள் நிறைந்த கோட்டைமேட்டில் அதைக் கேட்டவர்கள் கதவைச் சாத்தினார்கள். சிங்காநல்லூரில் கேட்டவர்களோ, "புள்ளைகள உள்ள வெச்சுக்கறாங்கன்னா அவங்கதான் ஏதோ பண்ணப்போறாங்க" என்று எழுதி அடுத்தவருக்கு அனுப்பினார்கள்.

சிங்காநல்லூரிலிருந்து குழந்தையம்மாள் உடனே கோட்டைமேட்டு மெஹராஜைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க மெஹராஜு, அதக் கேட்டீங்களா? யாருன்னு தெரியுதுங்களா? இன்ஸ்பெக்டர் எங்கிட்ட விசாரிக்கறாரு."

"தெரியலைங்கக்கா" என்றாள் மெஹராஜ்.

முதல் சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. அது அவள் தங்கை ரிஃபத்தின் குரல்.

குழந்தையம்மாள் காங்கேயத்துப் பக்கம் பிறந்து சிங்காநல்லூருக்கு வாழ்க்கைப்பட்டவள். தொண்ணூற்றெட்டு குண்டுவெடிப்பில் கணவனைப் பறிகொடுத்தவள். அதற்குச் சில மாதங்கள் முந்தைய கலவரத்தில் மெஹராஜின் அண்ணன் கொல்லப்பட்டிருந்தார். இரண்டு பக்கத்துப் பெண்களும் வந்த ஒரு கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், முகம் பார்க்காமலே எழுந்து போனார்கள். அடுத்த கூட்டத்தில்தான் பேச்சு வந்தது. அன்றிலிருந்து வதந்தி கிளம்பும்போதெல்லாம் இருவரும் சேர்ந்தே இரண்டு பக்கத்துத் தெருக்களுக்கும் போய்ப் பேசுவார்கள்.

அன்றும் குழந்தையம்மாள் ஆட்டோ பிடித்துக் கோட்டைமேட்டுக்கு வந்துவிட்டாள். வீடு வீடாகப் போனார்கள். ஒரு பெண் ஜன்னலைக் கால்வாசி திறந்து, "பேசுனது யாருன்னு சொல்லுங்க, அப்புறம் புள்ளைகள அனுப்பறோம்" என்று சாத்திக்கொண்டாள். மெஹராஜ் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை.

"அக்கா, அது என் தங்கச்சிங்க."

குழந்தையம்மாள் நின்றாள். "காத்தால நான் கேட்டப்பவே தெரியுங்களா?"

"தெரியுங்க."

"போன வருசம் எம் மருமகன் ஒரு பொய்ப் படத்தப் பரப்புனப்ப நானே உங்ககிட்ட வந்து சொன்னனுங்களே. அவன் வாயாலயே மன்னிப்புக் கேக்க வெச்சோம். இன்னி வரைக்கும் எம் மக எங்கிட்டப் பேசறதில்லைங்க."

"உங்க மருமகன போலீஸ்ல கூப்பிட்டுக் கண்டிச்சு அனுப்பிட்டாங்கக்கா. எங்க ஊட்டுப் பொண்ண அப்படி அனுப்புவாங்களா?"

அது நியாயம் என்று குழந்தையம்மாளுக்குத் தெரிந்தது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. இருவரும் ரிஃபத் வீட்டுக்கு நடந்தார்கள்.

ரிஃபத் போனை அணைத்துப் பீரோவுக்குள் வைத்திருந்தாள். பள்ளிச் சீருடை போட்ட மகளை மடியோடு பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"மதினிக்கு மட்டுந்தான் அனுப்புனேன். அந்த ஷட்டரப் பாத்துட்டு வந்ததுலருந்து பழசுதான் கண்ணு முன்னாடி நிக்குது. அண்ணனக் கொன்ன அன்னிக்கு நான் பரண் மேல இருந்தேன். சத்தம் பூரா கேட்டுச்சு."

குழந்தையம்மாள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "பயந்தது தப்பில்ல கண்ணு. ஆனா அந்தப் பேச்சு எங்க தெருவுல வேற மாதிரி ஆகிப்போச்சு. நீயே பேர் சொல்லி இன்னொருக்கா பேசு. வக்கீல் லோகப்பிரியாவக் கூப்பிடறேன். ஸ்டேஷனுக்கு நானும் வாரேன். நீ வெளிய வராம நான் வெளிய வர மாட்டேன்."

ரிஃபத் அக்காவைப் பார்த்தாள். போ என்றும் வேண்டாமென்றும் மெஹராஜால் சொல்ல முடியவில்லை. ரிஃபத் எழுந்து பீரோவைத் திறந்து போனை எடுத்தாள். முதல் தடவை அழுகை வந்தது. அடுத்த தடவை பேசி முடித்தாள். "நான் ரிஃபத். காலைல பேசுனது நாந்தான். யாரும் வரல. பயத்துல சொல்லிட்டேன்."

ஸ்டேஷனில் ரிஃபத்தைச் சாயங்காலம் வரை உட்கார வைத்து விசாரித்தார்கள். குழந்தையம்மாளும் அதே பெஞ்சில் இருந்தாள். யாரோ வாசலிலிருந்து அவர்களைப் படமெடுத்ததைப் பார்த்தும் நகரவில்லை. கடைசியில் எழுதி வாங்கிக்கொண்டு ரிஃபத்தை அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் குழந்தையம்மாள் சொன்னாள்: "இனிமே மொதல்லயே சொல்லிப்போடுங்க."

"பாக்கறேங்கக்கா" என்றாள் மெஹராஜ். சொல்கிறேன் என்று அவள் வாயில் வரவில்லை. குழந்தையம்மாள் பஸ் ஏறிப் போனாள்.

இரண்டாவது பேச்சு முதல் பேச்சு போன தூரம் போகவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். ரிஃபத்தின் மகள் போனாள். மெஹராஜ் அவளை விட்டுவிட்டுத் திரும்பும்போது போன் வந்தது.

"மெஹராஜு, பெஞ்சுல உக்காந்திருந்த படம் எங்க தெருவுக்கு வந்துபோச்சுங்க. ஏன் அவளோட உக்காந்தேன்னு வாசல்ல ஆளுங்க நின்னு கேக்கறாங்க. நான் ஒருத்தி சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

"உள்ள போய் இருங்கக்கா. வாரேன்."

சிங்காநல்லூர் பஸ் வரும்வரை அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.